தன்மதிப்பு

கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இடையே, இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த ஊர் சோமனூர். விசைத்தறிகளுக்குப் பெயர்பெற்ற அவ்வூர் நெசவாளர் ஓர் உண்மையை நன்கு அறிவர். காற்றில் ஈரம் குறைந்தால் பருத்தி நூலின் வலிமை குறையும். பாவின் இழைகள் அடிக்கடி அறும். இழை அறுந்தால் நெசவாளர் இழையைக் கடிந்துகொள்வதில்லை. தறியை நிறுத்தி அதனை முடிகின்றார். பாவின் இறுக்கத்தையும் கூடத்தின் ஈரப்பதத்தையும் நோக்குகின்றார். மனித உள்ளத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும். உள்ளம் தளர்ந்தவிடத்து, அதனைச் சூழ்ந்துள்ள நிலைமையையும் ஆராய்தல் வேண்டும்.

ஒருவர் தம்மைத் தாமே மதிக்கும் பண்பு தன்மதிப்பு எனப்படும். அது செருக்கு அன்று. செருக்குடையவர் தம்மைப் பிறரினும் உயர்ந்தவராகக் கருதுவர். தன்மதிப்புடையவரோ, தாமும் பிறரைப்போல் மதிப்புக்கு உரியவர் என்று உணர்வர். அமெரிக்க நாட்டுச் சமூகவியல் அறிஞர் மாரிஸ் ரோசன்பர்க் 1965-ஆம் ஆண்டில் வளரிளம் பருவத்தினரைப் பற்றி வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்தினார்.

வளரிளம் பருவத்தில் பிறர் சொல்லே கண்ணாடியாக அமைகின்றது. 10 முதல் 19 வயதுவரை உள்ளவருள் ஏழு பேருக்கு ஒருவர் மனநலக் குறைவுக்கு உள்ளாகின்றனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. எல்லார்க்கும் பொதுவான இவ்விடர், மலைவாழ் சிறுமியர்க்கு இருமடங்கு சுமையாகிவிடுதல் உண்டு.

கோவைக்கு மேற்கேயுள்ள மலைகளில் இருளர் முதலிய பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். அங்கிருந்து சமவெளிப் பள்ளிக்கு வரும் சிறுமி ஒருத்தியின் பேச்சைக் கேட்டு உடன் பயில்வோர் நகைக்கின்றனர் எனக் கொள்வோம். முதல் நாள் அது பிறர் குரல். நாள்தோறும் கேட்கக் கேட்க அதுவே அவள் உள்ளத்தின் குரலாகிவிடுகின்றது. விடை தெரிந்தும் வாய் திறவாள். உறக்கம் குறையும், காரணமின்றித் தலை நோகும், இறுதியில் பள்ளிக்கு வருதலே நின்றுபோகும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களுள் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 73 பேர். பழங்குடிப் பெண்களுள் 47 பேரே. தொலைவும் வறுமையும் இவ்விடைவெளிக்குக் காரணங்களே. எனினும், இகழ்ச்சிக்கும் அதில் பங்கு உண்டு.

கல்வியை விட்ட இளம்பெண்கள் பலர் நூற்பாலைகளையும் பின்னலாடைத் தொழிற்சாலைகளையும் நாடுகின்றனர். ஒடிசா, ஜார்க்கண்டு மாநிலங்களின் பழங்குடிப் பெண்களும் திருப்பூர் வட்டாரத்திற்கு வருகின்றனர். சொந்தக் கையால் ஈட்டிய ஊதியம் தன்மதிப்பை வளர்க்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால், மொழி அறியாத ஊரில், விடுதிச் சுவர்களுக்குள், மனம்விட்டுப் பேச ஒருவரும் இல்லாதபோது அவர் உள்ளம் வாடுகின்றது. 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரால், மூன்று ஆண்டுப் பணியின் முடிவில் திருமணத்திற்கு ஒரு தொகை தருவதாகக் கூறி இளம்பெண்களைச் சேர்த்த முறையும் இவ்வட்டாரத்தில் இருந்தது. ஒரு பெண்ணின் உழைப்பைத் திருமணச் செலவாக மட்டும் எண்ணுவது அவள் மதிப்பைக் குறைப்பதாகும் அன்றோ?

எனின், குன்றிய தன்மதிப்பு மீள்வது எவ்வாறு? இகழப்பட்டதே போற்றப்படும்போது அது மீளத் தொடங்குகின்றது. நீலகிரித் தோடர் குலப் பெண்கள் வெண்ணிறப் பருத்தித் துணியில் சிவப்பும் கருப்புமான நூல்களால் பூவேலை செய்வர். வரைபடம் ஏதுமின்றி, துணியின் இழைகளை எண்ணியே ஊசியைச் செலுத்துவர். அக்கலைக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் குல நஞ்சியம்மா தம் தாய்மொழியிலேயே பாடி, 2022-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட தேசியத் திரைப்பட விருதைப் பெற்றார். சவ்வாதுமலையைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, மகவு ஈன்ற சில நாள்களிலேயே சென்னை சென்று தேர்வெழுதி, 2024-ஆம் ஆண்டில் உரிமையியல் நீதிபதிப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இவ்வெடுத்துக்காட்டுகளைத் தவறாகப் பொருள்கொள்ளல் ஆகாது. விருது வந்த பின்னர்தான் நஞ்சியம்மாவின் மொழி மதிப்புடையதாயிற்று என்பதில்லை. அதற்கு முன்னரும் அது மதிப்புடையதே. பரிசு பெறாத பெண்ணும், தேர்வில் தவறிய பெண்ணும் அவ்வாறே மதிப்புக்கு உரியவர்கள். வெற்றியால் மட்டும் நிற்கும் மதிப்பு தோல்வியில் சாய்ந்துவிடும்.

ஆதலின், மனத்தளர்ச்சியுற்ற சிறுமியிடம் 'துணிவு கொள்' என்று அறிவுரை கூறுதல் மட்டும் போதாது. அவள் பெயரைச் சரியாக அழைத்தல், அவள் சொல்லைக் குறுக்கிடாமல் கேட்டல், நகைப்போருடன் சேராதிருத்தல் ஆகிய மூன்றும் உடன் பயில்வோரின் கடமை. துயரம் பெருகின் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ கூறுதல் வேண்டும். 2022-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 14416 என்னும் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம். உதவி நாடுதல் கோழைமை அன்று. காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவது போன்றதே.

ஓர் இழை அறுந்தால் துணியில் குறை தோன்றும். அதனைக் காலத்தில் முடிந்தால் துணி முழுமை பெறும். வகுப்பறையும் பல இழைகளால் ஆன துணியே. அங்கே வாய் திறவாது கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுமியும் அதில் ஓர் இழை என்பதை மாணாக்கர் மறவாதிருத்தல் வேண்டும்.