ஆவி எந்தப் பக்கம்?

2020இல் நின்றுபோன வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியது. அதன்பின் மூதூரில் டபுள் கெப் வாங்க நினைப்பவர்கள் எஞ்சினையும் டயரையும் நன்றாக விசாரிக்கிறார்கள். பின்கண்ணாடியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பேன்.

மழை விட்ட அந்தியில் ஏசியைப் போட்டுக்கொண்டு கிண்ணியாப் பக்கம் போகையில் கண்ணாடி வெளுத்துவிடும். உள்பக்கம் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு தெளியவில்லை என்றால் ஆவி வெளியே படிந்திருக்கிறது. கொட்டியாறுக்குடாவை ஒட்டிய காற்றில் ஈரம் அதிகம். வெப்பம் 30 பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்றால், ஏறத்தாழ 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அந்த ஈரம் நீராகப் படியும். ஏசிக் குளிர் பட்ட கண்ணாடி அந்த அளவுக்கு எளிதில் இறங்கிவிடும்.

நனைந்த உடுப்போடு ஐந்து பேர் ஏறி, ஏசி இல்லாமல் ஷட்டரை ஏற்றிவிட்டால் கதை தலைகீழ். மூச்சிலும் துணியிலும் இருந்து எழும் ஆவி, மழையில் குளிர்ந்த கண்ணாடியின் உள்பக்கம் படியும். இதற்கு ஏசிதான் மருந்து. வண்டிக்கடியில் சொட்டுகிறதே நீர், அது ஏசி காற்றிலிருந்து பிழிந்தெடுத்த ஈரம்.

முன்கண்ணாடிக்கு வைப்பர் உண்டு. கெப்பின் பின்கண்ணாடிக்கு அது இல்லை. அங்கேதான் அந்த மெல்லிய சூடேற்றும் கோடுகள் கைகொடுக்கின்றன. வெள்ளி கலந்த பசையை அச்சிட்டுச் சுட்டெடுத்த மின்கம்பிகள் அவை. நூறு வாட்டுக்கு மேல் மின்சாரம் பாய்ந்து கண்ணாடி முழுவதையும் சூடாக்குவதால், ஆவி எந்தப் பக்கம் இருந்தாலும் கலையும். பனி கொட்டும் நாட்டுக்கானது என்று இதைத் தள்ளிவிடுவது தவறு. ஒன்று மட்டும் கவனம்: கோடுகளின் மேல் ஒட்டிய டின்டைப் பின்னாளில் உரித்தால் கோடும் சேர்ந்து பெயரலாம், அறுந்த கோடு சூடாகாது.

கறுப்புக் கண்ணாடி குளிர்ச்சி தரும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. வெயிலின் ஆற்றலில் சுமார் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். கறுப்பு நிறம் ஒளியை விழுங்கித் தானும் சூடாகி, அந்தச் சூட்டில் ஒரு பங்கை உள்ளே விடும். ஆகவே எவ்வளவு கறுப்பு என்று கேட்காமல், மொத்த வெயில் ஆற்றலில் எத்தனை வீதத்தைத் தடுக்கும் என்று கேளுங்கள். இரவில் தெருவிளக்கில்லாத ஒழுங்கையில் பின்னோக்கி எடுக்கும்போது, கறுப்பு குறைந்த கண்ணாடியே உதவும்.

நகர்த்தித் திறக்கும் பின்சன்னல் இன்னொரு தெரிவு. ஓட்டத்தில் பின்கதவு ஷட்டர் ஒன்றை மட்டும் இறக்கினால் காதை அடைக்கும் ‘தும் தும்’ அதிர்வு வரும். போத்தல் வாயில் ஊதுவது போல, கெப்புக்குள் இருக்கும் காற்று முழுவதும் அதிர்கிறது. பின்சன்னலைச் சற்றே நகர்த்தினால் அது அநேகமாக அடங்கிவிடும். ஆனால் கச்சான் காலத்தில் கிரவல் வீதியில் அதைத் திறந்தால், பின்னால் சுழலும் புழுதி இருக்கைக்கே வந்துசேரும். பல வாகனங்களில் இந்தச் சன்னலை எடுத்தால் சூடேற்றும் கோடுகள் நடுக்கண்ணாடியில் இருக்காது. இரண்டில் ஒன்றுதான் என்றால், நான் கோடுகளையே எடுப்பேன்.