கையால் குவியம் திருத்துவோர்க்கு ஏற்ற சூம் லென்ஸ் எது?

பரிசளிப்பு விழா, கோயில் திருவிழா, திருமணம் முதலியவற்றை வீடியோவில் பதிவு செய்வது இன்று தோட்டப்புறங்களிலும் வழக்கமாகிவிட்டது. பள்ளிகளும் மன்றங்களும் சொந்தமாகவே காமிரா வாங்குகின்றன. அதற்குரிய பணம் பெரும்பாலும் பெற்றோரும் பொதுமக்களும் மனமுவந்து அளித்த நன்கொடையாகும். ஆகவே, காமிராவின் கண்ணாக விளங்கும் லென்ஸை ஆராய்ந்து வாங்குவது பொறுப்பாளர்களின் கடமையாகும்.

தானே குவியம் பிடிக்கும் காமிராக்கள் இன்று பெருந்திறன் பெற்றுள்ளன. முகத்தை அறிந்து பின்தொடரும் ஆற்றலும் அவற்றுக்கு உண்டு. ஆயினும், மேடையில் ஆடும் சிறுமிக்கும் காமிராவுக்கும் இடையே ஒருவர் நடந்தால், குவியம் அவர்மீது தாவிவிடக்கூடும். கற்பூரப் புகையும் மங்கிய ஒளியும் அதனைத் தடுமாறச் செய்வதுண்டு. கடந்துபோன கணத்தை மீண்டும் நடத்திக் காட்டுமாறு கேட்க முடியுமா? இதனாலேயே கையால் குவியம் திருத்தும் முறை இன்றும் வேண்டப்படுகிறது.

சூம் லென்ஸின் இயல்பு

உருப்பெருக்குக் கண்ணாடியை வெயிலில் காகிதத்தின்மேல் பிடித்து, ஒளி ஒரு புள்ளியாகும்வரை முன்னும் பின்னும் நகர்த்துவதை மாணவரும் அறிவர். ஒளி அவ்வாறு கூடுமிடமே குவியம். காமிராவில் அது ஒளியுணர் தகட்டின்மேல் சரியாக விழுந்தால் படம் தெளியும்; விலகினால் மங்கும்.

சூம் லென்ஸில் பல வில்லைகள் குழுக்களாக அமைந்துள்ளன. ஒரு குழு நகர்ந்து உருவத்தைப் பெரிதாக்கும்போது குவியமும் இடம்பெயரப் பார்க்கும். அதனை ஈடுசெய்ய மற்றொரு குழு அளவு பிசகாமல் உடன் நகர வேண்டும். இந்த ஈடு செம்மையாக அமைந்த லென்ஸில், ஒருமுறை குவியத்தைச் சரிசெய்துவிட்டால், காட்சியை அருகே இழுத்தாலும் அகலமாக விரித்தாலும் தெளிவு குன்றாது. இத்தகையதைப் 'பார்ஃபோக்கல்' என்பர்; நாம் நிலைக்குவிய லென்ஸ் எனலாம். அவ்வாறு அமையாதது 'வேரிஃபோக்கல்', அதாவது மாறுகுவிய லென்ஸ்.

புகைப்படக்காரர் முதலில் சூம் செய்து, பின்பு குவியம் பிடித்து, ஒரு கணத்தில் படமெடுத்து முடிக்கிறார். அவருக்கு மாறுகுவியத்தால் பெருந்தீங்கில்லை. வீடியோ எடுப்பவரோ பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே சூம் செய்கிறார். இடையில் படம் மங்கினால் அம்மங்கலும் பதிவாகிவிடுகிறது. புகைப்படத்திற்குச் சிறந்த லென்ஸ் வீடியோவுக்கும் சிறந்ததென எண்ணுவது பொருந்தாமைக்குக் காரணம் இதுவே.

வாங்குமுன் ஒரு சோதனை

காமிராவை முக்காலியில் நிறுத்துக. ஐந்து மீட்டர் தொலைவில் ஒரு நாளிதழைத் தொங்கவிடுக. தானியங்கிக் குவியத்தை நிறுத்தி, லென்ஸின் ஒளித்துளையை முழுவதும் திறந்து, மிக அருகே இழுத்த நிலையில் எழுத்துகளுக்குக் குவியம் சரிசெய்க. பிறகு குவிய வளையத்தைத் தொடாமல், மெல்ல மெல்ல அகல நிலைக்குத் திரும்புக. இடைநிலைகளிலும் இறுதியிலும், காமிராவின் உருப்பெருக்கு வசதியைக் கொண்டு எழுத்துகளின் கூர்மையைப் பார்க்க. எங்கும் தெளிவு குன்றாவிடில் லென்ஸ் நம்பத்தக்கது.

தலைகீழாகச் செய்தல் ஆகாது. அகல நிலையில் முன்னும் பின்னும் உள்ள பொருள்கள் பலவும் தெளிவாகவே தோன்றுவதால், குவியத்தின் சிறு பிழை கண்ணுக்குப் புலப்படாது. அருகே இழுத்தவுடன் அப்பிழை பெரிதாக வெளிப்படும்; குற்றம் லென்ஸினுடையதா நம்முடையதா என்பது விளங்காது. விழா நாளிலும் இதே ஒழுங்கைப் பின்பற்றுக: முதலில் அருகே இழுத்துக் குவியம், பிறகு விரிந்த காட்சி.

வளையத்தின் குணம்

பழகிய பால்மரத் தொழிலாளியின் கை, பட்டையில் கத்தி இறங்கும் ஆழத்தைத் தானே அறியும். ஒரே அளவு அழுத்தத்திற்குக் கத்தி ஒரே விதமாக விடையளிப்பதே அதற்குக் காரணம். குவிய வளையமும் அவ்வாறே இருத்தல் வேண்டும்.

இன்றைய லென்ஸ்கள் பலவற்றில் வளையத்திற்கும் வில்லைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. வளையத்தின் அசைவை மின்சுற்று உணர்ந்து, சிறு மின்பொறி வில்லையை நகர்த்துகிறது. சிலவற்றில் வேகமாகத் திருப்பினால் குவியம் வெகுதூரமும், மெதுவாகத் திருப்பினால் சிறிது தூரமும் நகரும். இவற்றில் கை பழகுவது அரிது. வளையத்தில் ஒரு சிறு ஒட்டுத்தாளால் குறியிட்டு, மெதுவாகத் திருப்பி, வேகமாகப் பழைய குறிக்கே மீட்டுப் பாருங்கள். முன்பு தெளிந்த எழுத்து மீண்டும் தெளிகிறதா? சில காமிராக்களில் இவ்வியல்பை மாற்றியமைக்கும் வசதி உண்டு, அதையும் கேட்டறிக. இரு முனைகளிலும் வளையம் திட்டமாக நிற்பது மேலும் நன்று.

வளையம் சுழலும் அளவும் முக்கியம். மிகக் குறுகிய சுழற்சியில் நுண்ணிய திருத்தம் கைகூடாது. மிக நீண்டதாயின் தனியொருவர் பிடியை மாற்றிப் பிடிக்க நேரும். 2017ஆம் ஆண்டில் ஃபுஜிநான் நிறுவனம் வெளியிட்ட 18–55 மி.மீ. எம்.கே. லென்ஸை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். அதன் குவிய வளையம் 200 பாகை சுழலும். சூம் செய்தாலும் குவியம் நிலைத்திருக்கும். தானியங்கிக் குவியம் அதில் இல்லவே இல்லை.

ஒளி குன்றாமை

'3.5–5.6' என்று பொறித்த லென்ஸை அருகே இழுக்கும்போது, தகட்டில் விழும் ஒளி ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். விழா மண்டபத்தில் இது பெருங்குறையாகும். சூம் முழுவதும் ஒரே எண்ணை உடைய லென்ஸையே நாடுக.

தனி லென்ஸ் வாங்க வசதியில்லாதோர் மனந்தளர வேண்டியதில்லை. குவியம், சூம், ஒளி ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வளையங்கள் உடைய, லென்ஸ் உடன் பொருத்திய வீடியோ காமிராக்களும் உள்ளன. மேற்கூறிய சோதனைகளை அவற்றிலும் செய்து பார்க்கலாம்.

நம் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலங்களாகிவிட்டன; பள்ளிகள் சில இடம் மாறின. நாளைய தலைமுறை தன் பாட்டன் பாட்டியின் முகத்தையும் தான் படித்த பள்ளியின் மேடையையும் இப்பதிவுகளில்தான் தேடப்போகிறது. அம்முகங்கள் தெளிவாக இருத்தல் வேண்டும். பத்து மடங்கு, இருபது மடங்கு எனும் விளம்பரத்தில் மயங்காமல், குவியம் நிலைக்கிறதா, வளையம் கைக்கு அடங்குகிறதா, ஒளி குன்றாதிருக்கிறதா என்னும் மூன்றையும் சோதித்து வாங்குவோமாக.