முறிந்த பட்டையைப் பற்றவைக்கலாமா?

சாமல்பட்டியிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் போனால், சாலையோரப் பட்டறைகளில் ஒரு காட்சியைக் காணலாம். சக்கரம் கழற்றிய லாரி ஒன்று கட்டைகளின்மேல் நிற்கும். அருகில், வில்போல் வளைந்த எஃகுப் பட்டைகள் கிடக்கும். "முன்பக்கப் பட்டை முறிந்துவிட்டது, மாற்ற வேண்டும்" என்பார் மெக்கானிக். முறிந்த இடத்தை வெல்டிங் செய்தால் செலவு மிச்சமாகுமே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அது கூடாது. ஏன்?

பட்டைக்கு மூன்று வேலைகள் உண்டு. பாரத்தைத் தாங்க வேண்டும். பள்ளம் மேடுகளில் வளைந்து அதிர்ச்சியை ஏற்க வேண்டும். அச்சை அதன் இடத்தில் நிறுத்த வேண்டும்.

இதற்கு ஒரே தடித்த பட்டை போதாதா? பட்டையின் தடிப்பை இரட்டித்தால் அதன் விறைப்பு 2×2×2, அதாவது 8 மடங்காகும். ஆகவே 8 மெல்லிய பட்டைகளின் அடுக்கும், இருமடங்கு தடித்த ஒரே பட்டையும் சமமான விறைப்பு உடையவை. ஆனால் இரண்டையும் ஒரே அளவு வளைத்தால், மெல்லிய பட்டைகளின் மேற்பரப்பில் ஏற்படும் தகைவு பாதிதான். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதே இதன் இரகசியம். இரண்டு பிளாஸ்டிக் அடிக்கோல்களைச் சேர்த்து வளைத்துப் பாருங்கள். நுனிகள் நழுவுவது தெரியும்.

ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இந்த வில் உண்டு. 1953-இல் வந்த ஏ.சி. ஏஸ் காரின் முன்புறத்தில் பட்டை அடுக்கு குறுக்காகப் பொருத்தப்பட்டிருந்தது. 1984-ஆம் ஆண்டு மாடல் செவ்ரோலெட் கார்வெட்டில் கண்ணாடியிழையாலான ஒற்றைப் பட்டை முன்புறத்திலும் இடம்பெற்றது. கண்ணாடியிழை எஃகைவிட இலேசானது. முறியாமல் அதிகம் வளையக்கூடியது. எனவே அடுக்கு தேவைப்படவில்லை.

சரி, எஃகுப் பட்டை ஏன் முறிகிறது? ஓடும் லாரியில் அது இலட்சக்கணக்கான முறை வளைந்து நிமிர்கிறது. துருப்பிடித்த குழியிலோ, நடு போல்ட்டின் துளை விளிம்பிலோ நுண்ணிய விரிசல் தோன்றி, சிறிது சிறிதாக வளர்கிறது. இதுவே உலோகச் சோர்வு. முறிந்த முகத்தைப் பாருங்கள். ஒரு பகுதி கறுத்து வழவழப்பாக இருந்தால், அது பல நாள் வளர்ந்த விரிசல். பளபளப்பான சொரசொரப்புப் பகுதி கடைசியில் ஒரே நொடியில் அறுந்தது.

இனி வெல்டிங்குக்கு வருவோம். சிலிக்கானும் மாங்கனீசும் கலந்த எஃகைச் செந்தணலாகக் காய்ச்சி, எண்ணெயில் குளிரவைத்து, மீண்டும் அளவாகச் சூடேற்றிப் பட்டைக்குப் பதம் ஏற்றுகிறார்கள். வெல்டிங் தீயில் அந்தப் பதம் கெடுகிறது. பற்றவைத்த இடத்தை ஒட்டி எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை அடைகிறது. சற்றுத் தள்ளி மென்மையாகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓட்டத்தில் முதன்மைப் பட்டை மறுபடி முறிந்தால், அச்சு ஒரு பக்கம் விலகி, லாரி எதிர்ச்சாரிக்கு இழுக்கப்படலாம்.

அதனால்தான் நல்ல மெக்கானிக் புதுப் பட்டை போடுகிறார். மறுபக்கத்துப் பட்டையும் தளர்ந்திருந்தால் அதையும் மாற்றுகிறார். இல்லையேல் வண்டி சாயும். யூ போல்ட்டுகளைச் சில நாள் ஓட்டத்துக்குப் பின் மறுபடி முடுக்கச் சொல்கிறார். அவர் மிச்சப்படுத்துவது பணத்தை அன்று. எதிரே வரும் பேருந்தில் இருப்பவர்களின் உயிரை!