அவரை வேரில் ஒரு ரகசியம்

கொல்லையிலோ, மொட்டை மாடித் தொட்டியிலோ அவரை போட்டிருக்கிறீர்களா? பூ விடும் சமயத்தில் ஒரு செடியைத் தியாகம் செய்யத் துணிந்து, வேரோடு மெல்லப் பெயர்த்து, ஜலத்தில் அலசிப் பாருங்கள். வேரில் கடுகும் மிளகுமாகச் சிறு முடிச்சுகள் தெரியும். சீக்கு என்று பயந்துவிடாதீர்கள்! ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறதா? சந்தோஷம். உங்கள் மண்ணில் உயிர் இருக்கிறது.

அந்த முடிச்சில் குடியிருப்பவை ரைஸோபியம் என்ற பாக்டீரியாக்கள். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். ஆனால் செடியால் அதை நேரே உண்ண முடியாது. இந்தக் குடித்தனக்காரர்கள்தாம் அதைப் பக்குவம் செய்து தருகிறார்கள். வாடகையாக அல்ல, கூலியாகச் செடி அவர்களுக்குச் சர்க்கரை கொடுக்கிறது! நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு ஒன்றுவிட்ட உறவான ஒரு பொருள்தான் அந்தச் சிவப்புக்குக் காரணம். சமையல் நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

சமையற்காரரே செத்துப் போனால்?

இங்கிலாந்தில் வூபர்ன் என்ற ஊரில், ராதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தார் 1942-ல் ஒரு காய்கறித் தோட்டச் சோதனையைத் தொடங்கினார்கள். சில பாத்திகளுக்குத் தொழு உரம். சிலவற்றுக்கு லண்டன் சாக்கடைக் கசடு. கசடும் நல்ல எருதான். ஆனால் நகரத்துச் சாக்கடையில் தொழிற்சாலைக் கழிவும் கலக்குமே! துத்தநாகம், செம்பு, நிக்கல், காட்மியம் எல்லாம் கூடவே வந்து சேர்ந்தன. 1961-ல் கசடு போடுவதை நிறுத்திவிட்டார்கள்.

இருபது வருஷங்களுக்கு மேல் கழித்து, 1980-களில், அந்த மண்ணில் குளோவர் என்ற தீவனப் பயிரை வளர்த்துப் பார்த்தார்கள். அது நம் அவரைக்குத் தூரத்துச் சொந்தம். தொழு உரம் கண்ட மண்ணில் பச்சைப் பசேலென்று வளர்ந்தது. கசடு கண்ட மண்ணிலோ, வெளுத்துச் சவலைக் குழந்தையைப் போல நின்றது. முடிச்சுகள் இருந்தன; ஆனால் பொடிப் பொடியாக, வெள்ளையாக!

உலோக விஷம் செடியையே தாக்கிவிட்டதோ? நைட்ரஜன் உரம் போட்டுப் பார்த்தார்கள். குளோவர் நன்றாகவே வளர்ந்தது! ஆக, கெட்டது செடியல்ல, அதன் கூட்டாளி. ஆராய்ந்ததில், அந்த மண்ணில் ரைஸோபியத்தில் ஒரே ஒரு ரகம்தான் மிஞ்சியிருந்தது. அதுவும் எப்படிப்பட்டது? வேரில் வீடு கட்டிக்கொள்ளும், சர்க்கரையைத் தின்னும், வேலை மட்டும் செய்யாது. (இப்படி ஒரு விருந்தாளியை நீங்களும் அறிந்திருக்கலாம்.) மண்ணிலுள்ள நுண்ணுயிர்களின் மொத்த எடையும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. இத்தனைக்கும் உலோகங்கள் அன்று சட்டம் அனுமதித்த அளவை ஒட்டித்தான் இருந்தன. எனக்குத் திகிலூட்டுவது இதுதான்.

எண்ணெய் சிந்தினால்கூட நுண்ணுயிர்கள் காலப்போக்கில் அதைத் தின்று தீர்க்கும். உலோகத்தை எதுவும் ஜீரணிக்க முடியாது. போட்டது போட்டபடி கிடக்கும்.

ஆகையால் தொட்டிக்கு மண் எடுக்கும்போது, மோட்டார் பட்டறை ஓரம், பழைய பாட்டரி கிடந்த இடம், பழைய பெயிண்டைச் சுரண்டிய சுவரடி, குப்பை கொளுத்திய சாம்பல் இவை வேண்டவே வேண்டாம்.

முடிச்சே காணோமென்றால் உடனே விஷம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். யூரியா அதிகமானாலும் முடிச்சு குறையும். புது மண்ணில் ரைஸோபியம் இல்லாமலும் இருக்கலாம். வேளாண்மை விரிவாக்க மையங்களில் அது பொட்டலமாகக் கிடைக்கிறது. ஆறின அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதைமேல் பூசி, நிழலில் அரை மணி உலர்த்தி விதையுங்கள். கஞ்சி சூடாக இருக்கக் கூடாது. பாக்டீரியா வெந்து போகும்!