கலியாணப் படங்களுக்கு ஆயுள் எத்தனை?

தியாகராய நகரில் புடவை எடுத்து, மயிலையில் கலியாணம் நடத்தி, படங்களையெல்லாம் ஒரு சிறு மெமரி கார்டை நம்பி விட்டுவிடுகிறோம். அது எத்தனை காலம் தாங்கும்?

1994-ல் வந்த காம்பாக்ட் ஃபிளாஷ் தடித்த உடம்புடையது. ஆனால் கோணலாகச் செருகினால் காமிராவினுள் இருக்கும் ஊசிகள் வளைந்துவிடும். 1999-ல் அறிவிக்கப்பட்ட எஸ்.டி. கார்டுக்கு அந்த அபாயமில்லை. அதன் மெல்லிய பிளாஸ்டிக் மேனி பிளந்துபோவதுண்டு. நகமளவேயான மைக்ரோ எஸ்.டி.யோ தொலைந்து போவதில் மகா சமர்த்து!

மேனி எதுவாயினும், உள்ளே படத்தைத் தாங்குவது அடைபட்ட மின்னூட்டமே. அழித்தெழுதுந்தோறும் அதை அடைத்து வைத்த சுவர் தேய்கிறது. உஷ்ணத்தில் மின்னூட்டம் கசிகிறது. சென்னை வெயிலைப்பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

1886-ல் ஸ்தாபிதமான அடையாறு நூல்நிலையத்தில் பழைய ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. ஏடு செல்லரிக்குமுன் முன்னோர்கள் பிரதி செய்தபடியால் அல்லவோ பல நூல்கள் நமக்குக் கிட்டின? நேயர்களே, பந்தல் பிரிக்குமுன் படங்களை இரண்டிடங்களில் பிரதி செய்து வையுங்கள்.