கடப்பிதழின் ஆயுளும் நமது பயணமும்

தோட்டத்து வீடுகளில் பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, கடப்பிதழ் ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே பெட்டியில் பத்திரப்படுத்தப்படுகின்றன. ஆதலின் மூன்றும் ஒரே தன்மையுடையன என்று பலர் எண்ணிவிடுகின்றனர். பிறப்புப் பத்திரம் வாழ்நாள் முழுவதும் செல்லும். குடிமக்கள் வைத்திருக்கும் நீல நிற அடையாளக் கார்டிலும் முடிவு நாளைக் காண முடியாது. கடப்பிதழ் அவ்வாறன்று. நமது படம் உள்ள பக்கத்திலேயே அதன் முடிவு நாள் அச்சிடப்பட்டிருக்கும். அந்நாள் வரையில் அதனைக் கொண்டு எங்கும் சென்று வரலாம் என்று நினைப்பதே இடர்ப்பாட்டின் தொடக்கமாகும்.

இந்தியாவுக்குச் செல்வோரின் கடப்பிதழ், அங்குச் சென்று இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். முத்திரையிட 2 வெற்றுப் பக்கங்களும் இருத்தல் வேண்டும். சிங்கப்பூர், இந்தோனேசியா ஆகிய அண்டை நாடுகளும் வருகையாளரிடம் இந்த 6 மாத காலத்தை எதிர்பார்க்கின்றன. ஆகவே 5 ஆண்டுக் கடப்பிதழ் என்பது பயணத்தைப் பொறுத்தவரையில் நான்கரை ஆண்டுக் கடப்பிதழே.

இவ்விதி வீண் கெடுபிடி அன்று. சென்ற இடத்தில் ஒருவர் நோய்வாய்ப்படலாம், போக்குவரத்து நின்றுபோகலாம். 2020-ஆம் ஆண்டில் கோவிட் நோயை முன்னிட்டு நாடுகள் தம் எல்லைகளை மூடியபோது, ஒரு வாரப் பயணமாகச் சென்றோர் பல மாதங்கள் அயல்நாட்டில் தங்க நேர்ந்ததை நாம் அறிவோம். மேலும், தகுதியற்ற பத்திரத்துடன் ஒருவரை ஏற்றிச் சென்றால், அவரைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்தையே சாரும். பல நாடுகளில் தண்டமும் கட்ட நேரிடும். எனவேதான் விமான நிலைய முகப்பிடத்து ஊழியர், எவ்வளவு மன்றாடினும் இணங்குவதில்லை. அவர்மீது சினங்கொள்வதில் பயனில்லை.

1969-ஆம் ஆண்டுக்குப் பின்னர், குடியுரிமையும் வேலை அனுமதிப் பத்திரமும் இன்றித் தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் பலர். உடன்பிறந்தோர் இங்கும் அங்குமாகப் பிரிந்துபோன அக்குடும்பங்களுக்கு இந்தியப் பயணம் உல்லாசப் பயணமன்று. அவ்வாறு பிரிந்த முதியவர் ஒருவர், தமிழகத்தில் தம் தமக்கையார் காலமான செய்தி கேட்டு, ஒரு சனிக்கிழமை திருச்சிக்குப் புறப்பட்டார். பல ஆண்டுகளுக்கான விசா முன்னரே பெற்றிருந்தார். கடப்பிதழிலோ 4 மாதங்களே எஞ்சியிருந்தன. விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். விடுமுறை கழிந்து திங்கட்கிழமை குடிநுழைவு இலாகாவுக்குச் சென்று, அன்றே புதிய கடப்பிதழைப் பெற்றார். விசா பழைய கடப்பிதழின் எண்ணுக்கு வழங்கப்பட்டிருந்தபடியால் இரண்டையும் உடன் கொண்டு சென்றார். ஆயினும் தமக்கையாரின் முகத்தைக் காண முடியவில்லை. கருமாதிக்கே போய்ச் சேர்ந்தார்.

பெற்றோர்கள் பிள்ளைகளின் பத்திரங்களையும் கவனித்தல் வேண்டும். நம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் 12 வயதை எட்டுகின்றனர். அவ்வயதில் அடையாளக் கார்டுக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 1948-ஆம் ஆண்டில் அவசர காலத்தின்போது இக்கார்டு முதன்முதலாக வழங்கப்பட்டபோதே இந்த வயது வரம்பு விதிக்கப்பட்டது. கார்டை மறந்து பால்மரம் வெட்டச் சென்றவர்கள் சாலைச் சோதனையில் பட்ட பாட்டை அக்கால மக்கள் கதைகதையாய்ச் சொல்வர்! 18 வயதில் புதிய படத்துடன் கார்டை மாற்றிக்கொள்ள வேண்டும். சிறுவனாய் எடுத்த படம் இளைஞனுக்குப் பொருந்துமா?

சபா, சரவாக் மாநிலங்களுக்குச் செல்லும் தீபகற்ப மக்களையும் குடிநுழைவு அதிகாரிகள் சோதிப்பர். உள்நாட்டுப் பயணந்தானே என்று வெறுங்கையுடன் செல்லலாகாது.

பச்சை நிறக் கார்டு வைத்திருப்போரின் நிலை வேறு. அது தற்காலிகக் குடியிருப்பாளருக்கு உரியது. அதன் ஆயுள் 5 ஆண்டுகளே. மலேசியக் கடப்பிதழும் குடிமக்களுக்கே வழங்கப்படுவது. இத்தகைய குடும்பத்தினர் பயணத்தைப் பற்றி எண்ணுமுன், கார்டின் முடிவு நாளைப் பார்த்துத் தேசியப் பதிவு இலாகாவில் விசாரித்துக்கொள்வது நலம்.

பிறப்புப் பத்திரமின்றி அடையாளக் கார்டு பெறுவது கடினம். அடையாளக் கார்டின்றிக் கடப்பிதழ் பெறுவதும் கடினம். பிறப்பைப் பதிவு செய்யாத பிள்ளை எவரேனும் தங்கள் இல்லத்தில் இருப்பின், பெற்றோர்கள் தயங்காது பள்ளி அலுவலகத்திற்கு வருக. பாரங்களை நிரப்ப ஆசிரியர்கள் துணைபுரிவார்கள்.