ஈரக்காற்றில் நல்லுறக்கம்: ஹைபிரிட் மெத்தையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

குளிர்சாதனப் பெட்டி வாங்கப் பத்துக் கடை ஏறி இறங்கும் நாம், மெத்தையை மட்டும் அரை மணி நேரத்தில் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். உறையின் நிறம் பிடித்திருந்தால் போதும். கையால் இருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுப் பணத்தைச் செலுத்திவிடுகிறோம். ஆனால் நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் நம் முதுகெலும்பைத் தாங்குவது அந்த மெத்தைதான். தேர்வு பிழைபட்டால், சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர் கடைக்காரரிடம் சென்று முறையிடலாம். கார் நிக்கோபாரில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு எளிதன்று.

பத்துப் பாகைக் கால்வாய்க்குத் தெற்கே அமைந்த இத்தீவு, பழங்குடியினருக்கான காப்புப் பகுதியாகும். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, வெளியார் இங்கு வருவதற்கு அனுமதி வேண்டும். ஆகவே இங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் பணி நிமித்தம் வந்தவர்கள். சில ஆண்டுகளில் மாற்றலாகிச் செல்பவர்கள். முன்பு போர்ட் பிளேர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து கப்பல் வந்தால்தான் பெரிய சரக்குகள் வந்து சேரும். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அதுவும் தள்ளிப்போகும். இத்தகைய இடத்தில் முப்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் ஒரு பொருள் இரண்டாண்டில் பூஞ்சை பிடித்தோ குழி விழுந்தோ போனால், அந்த இழப்பு முழுவதும் வாங்கியவரையே சாரும். எனவே வாங்குமுன் விவரம் அறிவது இங்கு மிகவும் இன்றியமையாதது.

ஹைபிரிட் மெத்தை என்பது யாது?

எஃகுச் சுருள்வில்களாலான அடித்தளமும், அதன்மேல் நுரை அல்லது லேடெக்ஸ் அடுக்கும் சேர்ந்ததே ஹைபிரிட் மெத்தை. தாங்கும் வேலையைச் சுருள்வில்லும், மென்மை தரும் வேலையை மேலடுக்கும் பகிர்ந்துகொள்கின்றன.

பழைய ஸ்பிரிங் மெத்தைகளில் எல்லாச் சுருள்களும் ஒன்றோடொன்று கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒருவர் புரண்டால் அருகில் படுத்திருப்பவரும் அசைவார். ஹைபிரிட் மெத்தைகளில் பெரும்பாலும் ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பைக்குள் வைக்கப்பட்டிருக்கும். இதனைப் 'பாக்கெட் ஸ்பிரிங்' என்பர். ஜேம்ஸ் மார்ஷல் என்னும் பொறியாளர் 1900-ஆம் ஆண்டையொட்டிக் காப்புரிமை பெற்ற முறை இது. தோளின்கீழ் உள்ள சுருள் தாழும்போது இடுப்பின்கீழ் உள்ள சுருள் தன் போக்கில் நிற்கும் என்பதே இதன் சிறப்பு.

மேலடுக்கில் மூன்று வகைகள் உண்டு. முதலாவது, சாதாரண பாலியூரித்தேன் நுரை. இது விலை குறைந்தது; ஆனால் அடர்த்தி குறைவாயின் விரைவில் குழி விழும். இரண்டாவது, மெமரி ஃபோம். விமான இருக்கைகளுக்காக 1966-இல் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக உருவாக்கப்பட்ட பொருளின் வழிவந்தது இது. உடல் வெப்பத்தால் இளகி உடலின் வடிவை ஏற்கும். ஆயினும் வெப்பத்தைத் தேக்கி வைக்கும் இயல்புடையது. மூன்றாவது, ரப்பர்ப் பாலிலிருந்து செய்யப்படும் இயற்கை லேடெக்ஸ். இது விலை மிகுந்தது. அழுத்தியவுடன் மீளும் தன்மையும் காற்றை ஓரளவு உட்புகவிடும் தன்மையும் இதற்கு உண்டு.

ரப்பர் நிக்கோபாருக்குப் புதியதன்று. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப்பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களுள் சில, இதே தீவுக் கூட்டத்தின் கட்சால் தீவு ரப்பர்த் தோட்டத்தில்தான் குடியமர்த்தப்பட்டன.

தீவின் காற்றும் மெத்தையின் ஆயுளும்

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவது கார் நிக்கோபார். காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் மிகுந்திருக்கும். அதனுடன் கடல் உப்பும் கலந்திருக்கும். இவ்விரண்டும் மெத்தைக்கு மூன்று வகையில் தீங்கு செய்கின்றன.

முதலாவது துரு. உப்பு தானே ஈரத்தை ஈர்த்து வைக்கும் பொருள். அது துணியினூடே புகுந்து கம்பியில் படிந்தால் எஃகு அரிக்கப்படும். எனவே சுருள்வில் கம்பிக்குத் துருத்தடுப்புப் பூச்சு உள்ளதா என்று தயாரிப்பாளரிடம் கேட்பது அவசியம்.

இரண்டாவது பூஞ்சை. இரவில் நம் உடலிலிருந்து வெளியேறும் வியர்வை மெத்தைக்குள் இறங்குகிறது. கீழ்ப்புறம் காற்றோட்டம் இல்லையெனில் அது அங்கேயே தங்கிவிடும். தரையில் நேராக விரித்த மெத்தையின் அடிப்பகுதியில் கரும்புள்ளிகள் தோன்றுவது இதனால்தான்.

மூன்றாவது தூசிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாத இவ்வுயிரி, காற்றின் ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டுக்கு மேல் உள்ள இடங்களில் செழித்துப் பெருகும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் காலையில் தொடர்தும்மல் உள்ளவர்களுக்கும் இது தொல்லை தருவது.

இம்மூன்றுக்கும் பொதுவான மருந்து காற்றோட்டம் ஒன்றே. நிக்கோபார் மக்களின் மரபுவழி வீடுகளைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். தேன்கூட்டை ஒத்த கூரையுடைய அவ்வட்ட வீடுகள் தரையில் அமைவதில்லை. மரத்தூண்கள்மேல் ஆள் உயரத்துக்கு உயர்த்திக் கட்டப்படுபவை. வீட்டின் அடியில் காற்று தடையின்றி வீசும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின் குடியிருப்புகளின் தோற்றம் பெரிதும் மாறிவிட்டது. எனினும் அந்தப் பழைய வீடு கற்பிக்கும் பாடம் மாறவில்லை. படுக்கையையும் தரையிலிருந்து உயர்த்தி, அடியில் காற்று புக வழிவிட வேண்டும்.

சுருள்களுக்கிடையே வெற்றிடம் இருப்பதால், முழு நுரை மெத்தையைவிட ஹைபிரிட் மெத்தையில் காற்று நன்கு உலவும், சூடும் குறைவு. இது இத்தீவுக்கு ஏற்ற பண்பு. அதே சுருள் துருப்பிடிக்கக்கூடியது என்பது இதன் மறுபக்கம். இரண்டையும் எடைபோட்டே முடிவெடுத்தல் வேண்டும்.

கெட்டியான மெத்தைதான் முதுகுக்கு நல்லதா?

'முதுகு வலியா, கட்டாந்தரையில் படு' என்பது நம் வீடுகளில் நெடுங்காலமாக வழங்கும் அறிவுரை. ஸ்பெயின் நாட்டில் நாள்பட்ட இடுப்புவலி உடைய 313 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வு ஒன்று, 2003-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்குக் கெட்டியான மெத்தையும், மற்றொரு பிரிவினருக்கு நடுத்தரக் கெட்டியான மெத்தையும் தரப்பட்டன. 90 நாட்களுக்குப்பின், நடுத்தர மெத்தையில் உறங்கியவர்களுக்கே வலியும் அன்றாட இயக்கத் தடையும் கூடுதலாகக் குறைந்திருந்தன.

இதன் காரணம் எளிது. மிகக் கெட்டியான பரப்பில் தோளும் இடுப்பும் மட்டுமே பதிகின்றன. இடை தாங்கலின்றி அந்தரத்தில் நிற்கிறது. மிக மென்மையான பரப்பிலோ இடுப்பு புதைந்து, முதுகெலும்பு தொட்டில்போல் வளைகிறது. இரண்டுக்கும் இடைப்பட்டதே பெரும்பாலோர்க்கு ஏற்றது.

படுக்கும் முறையும் கருதத்தக்கது. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோள் பதிய இடம் வேண்டும். அவருக்கு மேலடுக்கு மூன்று அங்குலம் இருப்பது நன்று. மல்லாந்து படுப்பவருக்கு நடுத்தரமும், குப்புறப் படுப்பவருக்குச் சற்றே கெட்டியானதும் பொருந்தும். உடல் எடை மிகுந்தவர்கள் தடித்த கம்பியுடைய மெத்தையைக் கொள்வது நல்லது. முதியோர் எழுந்து அமரும்போது ஓரம் சரியாமல் இருக்க, விளிம்பு வலுவூட்டப்பட்டுள்ளதா என்று காண வேண்டும். கைக்குழந்தைகளுக்கு மட்டும் கெட்டியான, சமமான பரப்பே பாதுகாப்பானது.

விடுமுறைக்குத் தாயகம் செல்லும்போது கடையில் படுத்துப் பார்த்து, மாதிரியின் பெயரைக் குறித்துக்கொண்டு வருவது சிறந்த வழி. பத்து நிமிடமேனும் வழக்கமாக உறங்கும் நிலையில் படுக்க வேண்டும். மல்லாந்து படுத்து, இடைக்கும் மெத்தைக்கும் நடுவே கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாக நுழைந்தால் மெத்தை மிகக் கெட்டி. நுழைக்கவே இயலாவிடில் மிக மென்மை. சற்றே உராய்ந்தபடி நுழைந்தால் அதுவே உங்களுக்கு ஏற்றது.

பணம் செலுத்துமுன் கேட்க வேண்டியவை

1. மேலடுக்கு நுரையின் அடர்த்தி என்ன? கன மீட்டருக்கு 32 கிலோவுக்குக் குறைந்த நுரை நாளடைவில் தளர்ந்துவிடும்; 40 கிலோ இருப்பின் நன்று.

2. சுருள்கள் தனித்தனிப் பைகளில் உள்ளனவா? கம்பியின் தடிமன் எவ்வளவு? 'கேஜ்' எண்ணில் கூறினால், எண் குறையக் குறையக் கம்பி தடிப்பானது என்று கொள்க.

3. 'லேடெக்ஸ்' என்று விளம்பரத்தில் உள்ளது இயற்கை லேடெக்ஸா, செயற்கைக் கலவையா? எத்தனை அங்குலம்?

4. உறையைக் கழற்றித் துவைக்க இயலுமா?

5. 744301 என்னும் அஞ்சல் குறியீட்டு எண்ணுக்குப் பொருள் வருமா? சோதனைக் காலத்தில் பிடிக்கவில்லையெனில், இங்கிருந்தே திரும்ப எடுத்துக்கொள்வார்களா? கப்பல் கட்டணம் யாருடையது?

6. உத்தரவாதம் எவ்வளவு ஆழக் குழியிலிருந்து பொருந்தும்? துருவும் பூஞ்சையும் அதில் அடங்குமா?

ஐந்தாம், ஆறாம் வினாக்களுக்கான விடையை எழுத்து வடிவில் பெறுதல் வேண்டும். தொலைபேசியில் கூறப்பட்ட உறுதிமொழி பின்னர் உதவாது.

இணையவழி வாங்கும் ஹைபிரிட் மெத்தைகள் பலவும் காற்று நீக்கிச் சுருட்டிய நிலையில் வருகின்றன. கப்பலில் ஏற்ற இது வசதியே. ஆனால் நீண்ட நாள் சுருட்டிய நிலையிலேயே கிடந்தால் நுரை தன் பழைய வடிவுக்கு முழுமையாக மீளாது. எத்தனை நாட்களுக்குள் பிரிக்க வேண்டும் என்று கேட்டு, கப்பல் புறப்படும் நாளையொட்டி அனுப்பச் சொல்வது அறிவுடைமை.

ஓர் இரவுக்கு எவ்வளவு?

விலைச்சீட்டை மட்டும் பார்ப்பதைவிட, ஓர் இரவுக்கு ஆகும் செலவைக் கணக்கிடுவது தெளிவு தரும். 30,000 ரூபாய் ஹைபிரிட் மெத்தை பத்தாண்டுகள், அதாவது 3,650 இரவுகள் உழைத்தால், இரவுக்கு ஏறத்தாழ 8 ரூபாய் 22 காசு. 9,000 ரூபாய் ரப்பர் பூசிய தேங்காய் நார் மெத்தை மூன்றாண்டுகள் உழைத்தாலும் அதே 8 ரூபாய் 22 காசுதான். ஆனால் பராமரிப்புக் குறைவால் ஹைபிரிட் மெத்தை ஆறாண்டுகளில் கெட்டால், செலவு இரவுக்கு 13 ரூபாய் 70 காசாக உயர்கிறது.

மூன்றாண்டுப் பணிக்காக இங்கு வரும் ஓர் ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். முதுகுத் தொல்லை ஏதுமில்லாத அவர், முப்பது கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள மெத்தையை மீண்டும் கப்பலேற்றிச் செல்ல வேண்டும். அவருக்கு நார் மெத்தையே சிக்கனம். அதில் துருப்பிடிக்கக் கம்பியும் இல்லை. நாள்பட்ட இடுப்புவலி உடையவருக்கோ நீண்ட காலம் தங்குபவருக்கோ ஹைபிரிட் மெத்தை தகுந்த முதலீடாக அமையும்.

தவணை முறை குறித்தும் ஒரு சொல். 30,000 ரூபாயை ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டியில் கடன் அட்டைவழி 12 தவணைகளாக மாற்றினால், மாதத் தவணை ஏறத்தாழ 2,708 ரூபாய். மொத்த வட்டி சுமார் 2,493 ரூபாய். அந்த வட்டியின்மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியாக மேலும் 449 ரூபாய். 'வட்டியில்லாத் தவணை' என்னும் விளம்பரத்தைக் கண்டால், ரொக்கமாகத் தந்தால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். வட்டியே இல்லாத கடன் என்னும் கருத்துக்கே இடமில்லை என ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர் சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியுள்ளது. அவசரமில்லாதவர்கள் மாதம் 2,500 ரூபாய் தொடர் வைப்பில் செலுத்தினால், ஓராண்டில் அசலே 30,000 ரூபாய் சேர்ந்துவிடும்; வட்டி உங்களுக்கு வரும்.

பொருளில் குறையிருந்து விற்பனையாளர் செவிசாய்க்கவில்லையெனில், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நுகர்வோர் தாம் வசிக்கும் இடத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடர வழி செய்துள்ளது. இரசீது, உத்தரவாத அட்டை, பொருள் வந்து சேர்ந்த அன்றே எடுத்த ஒளிப்படம் ஆகிய மூன்றையும் பாதுகாத்து வையுங்கள்.

வாங்கியபின் பேண வேண்டிய முறை

சட்டங்களுக்கிடையே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாத மரக்கட்டிலில் மெத்தையை இடுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் பக்கவாட்டிலும் காற்று செல்லும். நீர் புகாத, ஆனால் காற்று புகும் மேலுறையை முதல் நாளிலிருந்தே அணிவியுங்கள். ஹைபிரிட் மெத்தைகள் பெரும்பாலும் ஒருபுறம் மட்டுமே பயன்படுபவை. அவற்றைப் புரட்டிப் போடாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைப்புறத்தைக் கால்புறமாகத் திருப்புங்கள். வாரம் ஒருமுறை விரிப்பை நீக்கி, சாளரங்களைத் திறந்து, சில மணி நேரம் காற்றாட விடுங்கள். இலவம்பஞ்சு மெத்தையைப்போல் வெயிலில் காயப் போடலாகாது. நேரடி வெயில் லேடெக்ஸை நொறுங்கச் செய்யும். நிழலில் உலர்த்துவதே முறை.

நெடுநாள் விடுப்பில் செல்பவர்கள், பூட்டிய அறையில் மெத்தையைப் படுக்கவைத்துச் செல்வதைத் தவிர்க்கவும். விரிப்பை அகற்றி, சுவரோரம் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்து, நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைத் தந்து, வாரம் ஒருமுறை சாளரத்தைத் திறக்கச் சொல்லிச் செல்லுங்கள். இச்சிறு ஏற்பாட்டுக்குச் செலவு ஏதுமில்லை. மெத்தையின் ஆயுளை நீட்டுவதில் இதற்கு ஈடான உத்தரவாத அட்டையும் இல்லை.